எருமப்பட்டி, இடது பக்கம்

“பஸ் பேப்பரை எல்லாம் தனியா எடுத்து அடுக்கிட்டேனுங்க சார். ரொம்ப அருமையா எழுதி வெச்சிருக்கீங்க” என்று ஹேமலதா போனில் சொன்னபோது மருதாசலத்துக்கு ஒன்றும் விளங்கவில்லை.

“பஸ் பேப்பரா? எந்த பஸ்ஸு?”

“அதானுங்க சார், உங்க தகரப் பொட்டி ரெண்டுலயும் இருந்ததே. ‘எருமப்பட்டி இடது பக்கம் வேகம் போதாது.’ ‘பேளுக்குறிச்சி இன்னிக்கும் லேட்.’ ‘காளப்பநாய்க்கன்பட்டி மழையில வழுக்குது, கவனம்.’ ‘புதுச்சத்திரத்தை நிறுத்திட்டு மோகனூரை விட்டுப் பாக்கணும்.’ அந்தக் காலத்து பஸ் ஓட்டம் பூராவும் இதுல இருக்குதேன்னு காலேஜ் செயலாளர் சாருக்கே ஆச்சரியம்.”

வீட்டுக்குப் பின்னால் பலாமரம் நிற்கிற மேட்டில்தான் போனுக்கு சிக்னல் கிடைக்கும். மருதாசலம் மேட்டிலேயே ஒரு கல்லைப் பார்த்து உட்கார்ந்தார்.

“அது பஸ் இல்லீங்க அம்மணி. பசங்க.”

“பசங்களா?”

“என்ற பசங்க. புட்பால் பசங்க. எருமப்பட்டி லெஃப்ட் பேக். பேளுக்குறிச்சி கீப்பர்.”

அந்தப் பக்கம் சிரிப்பை அடக்குகிற மாதிரி ஒரு இருமல் கேட்டது. “சார், நான் பஸ்ஸுன்னு அட்டை எல்லாம் ஒட்டிட்டேனுங்களே.”

மருதாசலம் மலைமேல் வளப்பூர் நாட்டில் பிறந்து, மலையிறங்கிப் போய்ப் படித்து, கீழே ஒரு தனியார் கல்லூரியில் உடற்கல்வி ஆசிரியராகச் சேர்ந்தவர். கால்பந்து டீமைத் தேய்த்துத் தேய்த்து ஒரு ஆளாக்கி, ஒரு தடவை பல்கலைக்கழகக் கோப்பையும் வாங்கிக் கொடுத்துவிட்டு, ஓய்வு பெற்றதும் மலைக்கே திரும்பிவிட்டார். இப்போது கல்லூரிக்கு ஐம்பதாவது வருஷம். அதற்காக ஒரு ஆவண அறை திறக்கிறார்கள். பழைய ஆசிரியர்கள் வைத்திருக்கும் காகிதங்களைக் கேட்டு வாங்கி வகைப்படுத்துகிற பொறுப்பு நூலகத்தில் தற்காலிக வேலை பார்க்கும் ஹேமலதாவுக்கு. போன மாதம் கல்லூரி வேன் வந்து இரண்டு பெட்டிகளையும் ஏற்றிக்கொண்டு போனது. பெட்டிகள் இருந்த இடத்தில், கட்டிலுக்கு அடியில், சிமெண்டுத் தரை மட்டும் இரண்டு கட்டமாக வெளுத்துக் கிடந்தது. வேன் போனதிலிருந்து அவர் அந்த இடத்தைப் பெருக்கவில்லை.

ஊர் பெயர் விஷயம் தொடங்கியதே ஒரு ஆத்திரத்தில்தான். அவர் சேர்ந்த வருஷம் டீமில் மூன்று செந்தில், இரண்டு முருகேசன். கிரவுண்டில் நின்று “செந்திலு, பந்தை விடுடா” என்று கத்தினால் மூன்று பேரும் நின்று அவரைத் திரும்பிப் பார்ப்பார்கள். அதற்குள் எதிராளி பந்தை உருட்டிக்கொண்டு போயிருப்பான். ஒரு நாள் தாங்காமல், “அடேய் எருமப்பட்டி, உன்னத்தான்” என்றார். அவன் மட்டும் ஓடினான். அதோடு பெயர்கள் போயின. ஒரே ஊரிலிருந்து இன்னொருவன் வந்தால் சின்ன எருமப்பட்டி. பெரியவன் படிப்பு முடிந்து போனதும் சின்னவனே எருமப்பட்டி ஆவான். பையன்களும் ஒருவரையொருவர் அப்படியே கூப்பிட்டுக்கொண்டார்கள். வெளி மாவட்டத்துக்கு ஆடப் போனால் “மோகனூருக்குக் குடு, மோகனூருக்குக் குடு” என்கிற சத்தத்தில் எதிர் டீம் யாரைப் பிடிப்பது என்று தெரியாமல் முழிக்கும்.

ஹாஸ்டல் கிடையாது. எல்லோரும் பஸ்ஸில் வந்து பஸ்ஸில் போகிறவர்கள். யாருக்குக் கடைசி பஸ் எப்போது என்று பார்த்துத்தான் அவர் பயிற்சியையே பிரிப்பார். தூரத்து ஊர்க்காரனுக்கு முதலில் ஓட்டம், பக்கத்து ஊர்க்காரனுக்குக் கடைசியில். அதனால் ஒவ்வொரு ஊருக்குப் பக்கத்திலும் ஒரு பஸ் நேரம் எழுதியிருக்கும். யோசித்துப் பார்த்தால் ஹேமலதாவைக் குறை சொல்ல முடியாது. தெரியாத ஒருவர் எடுத்துப் படித்தால் அது பஸ்தான்.

“இப்ப என்னங்க சார் பண்றது?” என்றாள் ஹேமலதா. “கால்பந்து அலமாரின்னா ஆள் பேரு வேணும். விழாவுக்கு வர்ற பழைய மாணவர்கள் கம்ப்யூட்டர்ல அவங்கவங்க பேரைத் தட்டினா அவங்க காகிதம் வரணும்னு செயலாளர் சார் சொல்லிட்டாரு. பேரு இல்லாத எதையும் அதுல ஏத்தக்கூடாதாம், திருப்பி அனுப்பிரணுமாம். பஸ்ஸுன்னா பிரச்சினையே இல்லீங்க. நிறுவனர் ஐயா பஸ் கம்பெனி வெச்சிருந்தவருங்களே, அவருக்குன்னு கண்ணாடி அலமாரியே இருக்குது.”

“பேருதான? தாரேன்.”

“வெள்ளிக்கிழமை சாயங்காலம் பட்டியலை மூடறாங்க சார்.”

“அதுக்குள்ள தாரேன் கண்ணு” என்று சொல்லிவிட்டு போனை வைத்தார்.

சொல்லிவிட்டாரே தவிர, அன்று மத்தியானத்துக்குள்ளேயே அவருக்குப் பயம் வந்துவிட்டது. பெயர்கள் மறந்திருந்தால்கூடப் பரவாயில்லை. முரளி, யுவராஜ், வேல்முருகன், சசிதரன் என்று பெயர்கள் ஒரு பக்கம் கிடந்தன. ஊர்கள் ஒரு பக்கம் நின்றன. எது எதற்கு என்பதுதான் ஒட்டவில்லை. முகங்கள் துல்லியமாகத் தெரிந்தன. பேளுக்குறிச்சிக்காரன் பந்து வருகையில் நாக்கைக் கடித்துக்கொள்வது தெரிந்தது. புதுச்சத்திரத்துக்கு வலது முட்டி வீங்கி, வெந்நீர் ஒத்தடம் கொடுத்துக் கொடுத்து அந்த வருஷம் பூரா ஆட வைத்தது தெரிந்தது. கல்லூரி ஆபீஸில் கேட்டால், புதுக் கட்டடத்துக்கு மாறும்போது பழைய சேர்க்கைப் பதிவேடுகள் கரையான் அரித்துக் கிடந்ததால் கொளுத்திவிட்டார்களாம்.

சில்வர் ஓக் மரத்தில் ஏறியிருந்த மிளகுக் கொடிகளுக்குள் குரங்குகள் இறங்கின. கழுத்தில் கிடந்த விசிலை எடுத்து ஊதினார். ஓய்வுக்குப் பிறகு அந்த விசிலுக்கு அதுதான் வேலை. முதல் வருஷம் குரங்குகள் தலைதெறிக்க ஓடின. இப்போது ஒன்று மட்டும் திரும்பிப் பார்த்துவிட்டுப் பலாக்காயைச் சொறிந்தது.

சாயங்காலம் மனைவி பாப்பாத்தி போனில் கூப்பிட்டாள். மகள் வித்யாஸ்ரீக்கு ஓசூரில் வேலை. பேரனைப் பார்த்துக்கொள்ள ஒரு மாதம் என்று போனவள், இரண்டு வருஷமாக அங்கேதான் இருக்கிறாள்.

“சாப்புட்டீங்களா?”

“ஆச்சு.”

“என்ன ஆச்சு? களி கிண்டுனீங்களா, இல்ல காலையில வடிச்ச சோத்துலயே மோரை ஊத்திக்கிட்டீங்களா?”

“அதெல்லாம் ஆச்சு. பாப்பாத்தி, அந்த எருமப்பட்டிப் பையன் பேரு உனக்கு ஞாபகமிருக்குதா? கப்பு வாங்குன வருசத்து எருமப்பட்டி. பேச்சு திக்கும். நம்மூட்டுக்கு வந்து ஒரு பலாப்பழத்தை ஒத்தை ஆளாத் தின்னானே.”

“தின்னது ஞாபகமிருக்குது. விடிய விடிய வவுத்து வலின்னு கெடந்தான். பேரு எங்கீங்க சொன்னீங்க? எருமப்பட்டி வந்திருக்கான், எலை போடுன்னுதான சொன்னீங்க.”

அவர் போனை மறு காதுக்கு மாற்றினார்.

“என்ற பேரையே பாதி வயசுக்கு மேலதான் சொல்லக் கத்துக்கிட்டீங்க. கண்ணாலம் ஆன புதுசுல திண்ணனூரு, திண்ணனூருன்னு கூப்புட்டு, ஊரையே கட்டிக்கிட்டு வந்துட்டானான்னு எங்க மாமன் சிரிச்சாரு.”

“நீ எப்ப வார?”

“பையனுக்குப் பரீட்சை முடியட்டும். வித்யாவுக்கும் வேலை மாறி மாறி வருது. பாத்துட்டுச் சொல்றேன்.”

பேரன் எல்.கே.ஜி. படிக்கிறான். அதில் என்ன பரீட்சை என்று அவர் கேட்கவில்லை.

“காத்து அடிக்குது பாருங்க, போன்லயே கேக்குது. தலையில துண்டைக் கட்டிக்கிட்டு மேட்டுல நில்லுங்க” என்று சொல்லிவிட்டு வைத்தாள்.

வெள்ளிக்கிழமை காலை முதல் பஸ்ஸிலேயே மலையிறங்கினார். யாராவது ஒருவனைப் பிடித்துவிட்டால் போதும், அவன் அடுத்தவன் பெயரைச் சொல்வான், அடுத்தவன் அதற்கடுத்தவன் பெயரைச் சொல்வான், சாயங்காலத்துக்குள் டீம் சேர்ந்துவிடும் என்று கணக்குப் போட்டிருந்தார். நாமக்கல்லில் பஸ் மாறி உட்கார்ந்ததும் கண்டக்டர் எங்கே என்று கேட்டார். “எருமப்பட்டி” என்று சொல்லும்போது, கூப்பிடுகிற குரலில் சொல்லிவிட்டார். முன் சீட்டுக்காரர் திரும்பிப் பார்த்தார்.

எருமப்பட்டியில் இறங்கி, பஸ் நிறுத்தத்துக்கு எதிரே இருந்த டீக்கடைக்குப் போனார்.

“ஏனுங்க, இந்த ஊர்ல புட்பால் ஆடின பையன் ஒருத்தனைத் தேடி வந்தேன்.”

“பேரு என்னங்க?” என்றார் கடைக்காரர்.

“பேருதானுங்க தெரியல.”

“எந்தத் தெருவு?”

“தெருவும் தெரியாதுங்க.”

“அட, அவனை என்னன்னுதான் கூப்புடுவீங்க?”

“எருமப்பட்டின்னு.”

கடைக்காரர் ஆற்றிக்கொண்டிருந்த டீயை நிறுத்தினார். பெஞ்சில் பேப்பர் படித்துக்கொண்டிருந்த மீசைக்காரர் பேப்பரை மடியில் இறக்கினார்.

“அப்ப நாங்கெல்லாம் யாருங்க?” என்றார் மீசைக்காரர்.

கடையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். மருதாசலமும் சிரிக்கப் பார்த்தார்.

“பையனுக்கு எத்தனை வயசுங்க?” என்று கடைக்காரர் கேட்டார்.

“இருவது” என்று சொல்லிவிட்டு, “இல்லீங்க, இப்ப அம்பதுகிட்ட இருக்கும்” என்றார்.

“பையன்னு சொன்னீங்களே.”

அவர் மனதில் யாருக்கும் இருபதுக்கு மேல் ஆகியிருக்கவில்லை. “எடது கால்காரனுங்க. பேச்சு திக்கும். ‘பாஸ்’னு கேக்க வராது அவனுக்கு. ‘பா’ன்னு ஆரம்பிச்சு முடிக்கறதுக்குள்ள பந்து போயிரும். அதனால கையைத் தட்டுவான். கை தட்டுனா எருமப்பட்டிக்குப் பந்து வேணும்னு அர்த்தம்.”

மீசைக்காரர் பேப்பரை மடித்தே வைத்துவிட்டார். “கை தட்டுவானா? அட, நம்ம கருப்பாத்தா மவன் சசிகுமாருங்க. இன்னிக்கும் லாரியைப் பின்னால எடுக்கறதுக்கு ‘வா வா’ன்னு சொல்ல மாட்டான், கையைத்தான் தட்டுவான்.”

“எங்கீங்க இருக்கறான்?”

“நாக்பூர்ல. லாரி டயருக்கு ரப்பர் ஒட்டற கடை போட்டிருக்கான். ஆத்தா போய்ச் சேந்து ரெண்டு வருசமாச்சு. ஊடு பூட்டித்தான் கெடக்குது. நம்பர் வேணும்னா என்கிட்ட இருக்குதுங்க.”

நம்பரை வாங்கிக்கொண்டு, நன்றி சொல்லிவிட்டு, ஒரு புளியமர நிழலில் போய் நின்றார். பேசவேண்டியதை ஒரு தடவை மனதுக்குள் சொல்லிப் பார்த்துவிட்டுப் பிறகுதான் பட்டனை அழுத்தினார்.

“ஹ… ஹலோ.” பின்னால் ஏதோ இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது.

“சசிகுமாருங்களா?” புதுச் செருப்பு மாதிரி அந்தப் பெயர் கடித்தது.

“ஆமாங்க. யாருங்க?”

“நான் மருதாசலம்.”

“எ… எந்த மருதாசலமுங்க? டயர் லோடுங்களா?”

அப்போதுதான் அவருக்கு உறைத்தது. அவன் வாயிலிருந்து இவர் பெயர் ஒரு நாளும் வந்ததில்லை. நேரில் சார். முதுகுக்குப் பின்னால் வேறு ஒன்று.

“வளப்பூரு பேசறேன்” என்றார்.

யாரையோ இந்தியில் அதட்டுகிற சத்தம் கேட்டது. இயந்திரம் நின்றது.

“சார்” என்றான். அந்தச் சொல் மட்டும் அவனுக்கு எப்போதும் திக்குவதில்லை. “சார், நாங்க உங்களை வ… வளப்பூருன்னு சொல்றது உங்களுக்குத் தெரியுங்களா?”

“பஸ் ஸ்டாப்புல நின்னு அத்தனை சத்தமாப் பேசினா எனக்கென்ன காது கேக்காதா?”

அவன் சிரித்தான். அதே சிரிப்பு. மருதாசலம் புளியமரத்தில் கையை ஊன்றிக்கொண்டு விஷயத்தைச் சொன்னார். ஆவண அறை, பெயர்கள், சாயங்காலத்துக்குள் வேண்டும் என்பது எல்லாம் சொல்லிவிட்டு, “பேளுக்குறிச்சி பேரு என்னடா?” என்றார்.

“பேளுக்குறிச்சிங்களா சார்? நம்பரே இருக்குதுங்க. இ… இருங்க பாக்கறேன்.” கொஞ்ச நேரம் கழித்து, “பேளுக்குறிச்சி கீப்பர்னுதானுங்க போட்டு வெச்சிருக்கேன்” என்றான். “அந்த நம்பரையும் இப்ப வேற யாரோ வெச்சிருக்காங்க சார்.”

“மோகனூரு?”

“மோகனூரு செத்துப்போச்சுங்க சார். மூணு நாலு வருசம் இருக்கும். உங்களுக்கு யாரும் சொ… சொல்லலீங்களா?”

ஒரு டவுன் பஸ் தூசியைக் கிளப்பிக்கொண்டு போனது.

“அவன் பேரு என்னடா?” என்று கடைசியாகக் கேட்டார்.

“தெரியலீங்களே சார். நான் மோகனூருன்னுதான் கூப்புடுவேன். காளப்பநாய்க்கன்பட்டி துபாய்ல இருக்கறதாக் கேள்வி. அவன் முரளியா இருக்கணும். இல்ல, முரளி புதுச்சத்திரத்துக்காரன் பேருங்களா?”

“அதைத்தான் நானும் கேக்கறேன்.”

நாக்பூரில் யாரோ அவனைக் கூப்பிட்டார்கள்.

“சார், லோடு வந்திருக்குதுங்க. ஊருக்கு வந்தா ம… மலைக்கு வாரேனுங்க சார்.”

“எப்ப வருவ?”

“ஆத்தா போனதுக்கப்புறம் ஊர்ப்பக்கம் வேலையில்லீங்க சார்.” பிறகு, “சரிங்க சார், வாரேனுங்க” என்றான்.

இந்தப் பக்கத்தில் அந்தச் சொல்லுக்கு வருகிறேன் என்றும் அர்த்தம், விடைபெறுகிறேன் என்றும் அர்த்தம். முகத்தைப் பார்த்தால் எது என்று தெரிந்துவிடும். போனில் தெரியாது.

சேந்தமங்கலம் வந்து மலை பஸ்ஸுக்காகக் காத்திருந்தபோது வெயில் தாழ்ந்திருந்தது. பஸ் நிலையத்துப் பெஞ்சில் உட்கார்ந்தார். ஹேமலதா கூப்பிட்டாள்.

“சார், செயலாளர் சார் ரெண்டு தடவை கேட்டுட்டாரு. பேரு கெடச்சுதுங்களா?”

“ஒண்ணு கெடச்சுது. எருமப்பட்டி பேரு சசிகுமார்.”

“அப்ப அந்த ஒரு கட்டைக் கால்பந்து அலமாரியில ஏத்திரட்டுங்களா? மத்ததை எல்லாம் உங்களுக்கே வேன்ல அனுப்பிடறேன்.”

கட்டிலுக்கு அடியில் வெளுத்துக் கிடந்த தரை அவருக்கு நினைவுக்கு வந்தது. அங்கே பெட்டிகள் திரும்பி வந்துவிட்டால் அந்த வீட்டில் ஒன்றுமே நடக்காதது மாதிரி ஆகிவிடும். எருமப்பட்டி மட்டும் கல்லூரியில் இருப்பான். கோல் போஸ்ட்டில் யாரும் இல்லாமல், பக்கத்தில் யாரும் இல்லாமல், அவன் ஒருத்தன் மட்டும் இடது பக்கம் நின்று கை தட்டிக்கொண்டிருப்பான்.

“வேண்டாம் கண்ணு. ஒருத்தனை மட்டும் எறக்கி விட்டா அவன் யாருகிட்டப் பந்து கேப்பான்? எல்லாத்தையும் ஒண்ணா பஸ்ஸுலயே வெச்சுரு.”

“பஸ்ஸுன்னா உங்க பேரே வராதுங்களே சார். அது நிறுவனர் ஐயா அலமாரி.”

“வராட்டிப் போகுது.”

“தப்புன்னு தெரிஞ்சே எழுதற மாதிரி இருக்குதுங்க சார்.”

“நீ எழுதினதை அழிக்க வேண்டாம். யாராச்சும் ஒருத்தர் பொறுமையாப் படிச்சுப் பாத்து, இது என்ன பஸ்ஸு, முட்டி வீங்கி வெந்நீர் ஒத்தடம் குடுத்திருக்குதேன்னு வந்து கேட்டா, அப்பச் சொல்லு.”

ஹேமலதா சிரித்தாள். பிறகு அந்தச் சிரிப்பு நின்றுபோனது. “கேட்டாச் சொல்றேனுங்க சார்” என்றாள். அவளுடைய தற்காலிக வேலை விழாவோடு முடிகிறது என்று முன்பே ஒரு தடவை சொல்லியிருந்தாள். இரண்டு பேருக்கும் அது நினைவிருந்தது.

போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். கல்லூரி விடுகிற நேரம். பஸ்கள் ஒன்றன்பின் ஒன்றாக உள்ளே வந்தன. கண்டக்டர்கள் படியில் நின்று கூவினார்கள்.

“காளப்பநாய்க்கன்பட்டி, காளப்பநாய்க்கன்பட்டி…”

“பேளுக்குறிச்சி, பேளுக்குறிச்சி, ஏறு ஏறு…”

“புதுச்சத்திரம்…”

ஒவ்வொரு பெயருக்கும் அவர் தலை அந்தப் பக்கம் திரும்பியது. கூடைக்காரப் பெண்கள் ஏறினார்கள். காதில் வயர் மாட்டிய பிள்ளைகள் ஏறினார்கள். யாரும் ஓடி வரவில்லை. அவசரமில்லாமல் ஏறி, ஜன்னலோரம் பார்த்து உட்கார்ந்துகொண்டார்கள். ஒவ்வொரு பஸ்ஸும் திரும்பி வெளியே போகும்வரை அவர் பார்த்துக்கொண்டிருந்தார். அந்தக் காலத்தில் பஸ் ஸ்டாப்பில் நின்று அப்படித்தான் பார்ப்பார். கடைசிப் பையன் ஏறின பிறகுதான் தன்னுடைய பஸ்ஸைத் தேடுவார்.

மோகனூரை யாரும் கூவவில்லை. அந்தப் பக்கத்து பஸ் இங்கே வருவதில்லை என்று அவருக்குத் தெரியும். இருந்தாலும் காத்திருந்தார்.

மலை பஸ் எப்போது வந்து நின்றது என்று கவனிக்கவில்லை. “வளப்பூர், வளப்பூர், வளப்பூர்” என்று ஒரு குரல் கூவிக்கொண்டே இருந்தது. என்ஜின் சத்தம் கூடியது. பெஞ்சில் அவரைத் தவிர யாரும் மிச்சமில்லை.

கண்டக்டர் படியிலிருந்து எட்டி, அவரைப் பார்த்துக் கையைத் தட்டினார். “ஏனுங்க வளப்பூரு, உங்களைத்தான்.”

“வாரேன்” என்று மருதாசலம் எழுந்தார்.